இருபத்தாறு ஜோடிச் செருப்புகள்

ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் என்றதும், ஜுமானா மனதுக்குள் அதை இருபத்து மூன்றால் வகுத்துப் பார்த்தாள்.

"ஆறரை திர்ஹம்தான் உம்மா. பரவாயில்லை," என்றாள்.

"அந்தக் கணக்கைத் தூக்கி ஓரமா வையி. இனிமே நமக்கு ரூபாதான்," என்றார் உம்மா நூர் நிஷா. "திரும்பிப் போறப்ப பஸ்ஸுலதான் போறோம்."

ஜுமானா பிறந்து வளர்ந்ததெல்லாம் ஷார்ஜாவில். அவளுக்கு இப்போது பதினொரு வயது. வாப்பாவின் சம்பளத்தில் இனி அங்கே மூன்று பேர் இருக்க முடியாது என்றானதும், வாப்பாவை மட்டும் விட்டுவிட்டு உம்மாவும் அவளும் புதுமடத்துக்கு வந்துவிட்டார்கள். வந்து ஒன்றரை மாதம் ஆகிறது.

அந்த ஒன்றரை மாதமும் அலைச்சல்தான். கேஸ் இணைப்புக்குப் போனால் ஒரு காகிதம் கேட்டார்கள். அந்தக் காகிதத்துக்குப் போனால் இன்னொரு காகிதம் கேட்டார்கள். அந்த இன்னொரு காகிதத்துக்குப் போனால் கேஸ் ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள்! அன்றைக்கு உம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

ஆனால் இன்று வந்த காரியம் விளையாட்டில்லை. ஆறாம் வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. "ஆதார் எண் வர நாளாகும்னு தெரியும். பதிவு செஞ்ச சீட்டையாவது இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள காட்டிருங்க. இல்லைன்னா அந்த இடம் வேற பிள்ளைக்குப் போயிரும்," என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த வகுப்பை ஜுமானா ஏற்கெனவே பார்த்துவிட்டாள். பானுப்பிரியா என்ற பெண் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, "சன்னலோரம் உனக்கு. நான் பிடிச்சு வைக்கிறேன்," என்று சொல்லியிருந்தாள். இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் தோழி. அந்த இடம் கைநழுவிப் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே ஜுமானாவுக்குப் பயமாக இருந்தது.

உச்சிப்புளி ஆதார் மையம் பத்து மணிக்குத் திறக்கும். இவர்கள் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். வாசலில் ஒரு மனிதரும் இல்லை.

"பாத்தியா, நாமதான் முதல்ல," என்றார் உம்மா பெருமையாக. "நான் எதிர்த்த கடையில பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரேன். நீ இங்கனயே நில்லு."

உம்மா சாலையைக் கடந்து போனார். அப்போது கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து, தோளில் குழந்தையைத் தூங்கப் போட்டபடி ஓர் அம்மா வந்தார். அவர் பெயர் கனகலட்சுமி.

"ஏன் பாப்பா வெயில்ல நிக்கிற? செருப்பைக் கழத்தி அங்கன போட்டுட்டுப் பின்னால நிழலுக்கு வா. எல்லாரும் பூவரச மரத்தடியிலதான் இருக்கோம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஜுமானா அப்போதுதான் கவனித்தாள். கட்டடத்தின் படியிலிருந்து வெளிவாசல் வரை செருப்புகள் நீளமாகக் கிடந்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பூ வைத்த செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. கடைசியில் பச்சை வார் போட்ட ஒரு ஜோடி. அதற்குப் பின்னால் தன் வெள்ளைச் செருப்பைக் கழற்றி வைத்தாள்.

நிமிர்ந்தபோது வராந்தாவில் ஓர் இரும்பு அலமாரி கண்ணில் பட்டது. ஐந்து தட்டுகளும் காலி. மேலே ஒரு பலகை. ஜுமானா எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'காலணிகளை அலமாரியில் வைக்கவும்.'

அவளுக்குத் திக்கென்றது. ஷார்ஜாவில் பலகையில் எழுதியிருப்பதை மீறினால் அபராதம். இங்கே இத்தனை பேர் நடுமுற்றத்தில் செருப்பைப் போட்டிருக்கிறார்களே! 'பாவம், யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது போல,' என்று நினைத்துக்கொண்டாள்.

உடனே வேலையில் இறங்கினாள். வீட்டு வாசலில் செருப்பை அடுக்குவது எப்போதும் அவள் வேலைதான். பெரியவை கீழே, சின்னவை மேலே. ஒரு தட்டுக்கு ஐந்து ஜோடி. ஐந்து தட்டும் நிரம்பிவிட்டன. அவளுடைய செருப்புக்கு மட்டும் இடமில்லை. அதைக் கீழே தரையில் வைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. கையைத் தட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டியில் ஓர் அக்கா வந்து இறங்கினார். அவர் மகேஸ்வரி, கைரேகை பதிவு செய்பவர்.

"எல்லாரும் அவங்கவங்க செருப்புக்கிட்டப் போய் நில்லுங்க," என்று சத்தமாகச் சொன்னார். "இன்னைக்கு இருபத்தஞ்சு டோக்கன்தான். அடுத்த வாரம் பூரா மிஷின் இருக்காது, பாத்துக்கங்க."

கூட்டம் முன்பக்கம் ஓடியது. ஓடிய வேகத்தில் அப்படியே நின்றது. முற்றம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

"ஏலே, வரிசை எங்கலே?" என்று ஒருவர் கத்தினார். மீசை வைத்த அந்தப் பெரியவர் தங்கப்பாண்டி. "காலையில அஞ்சு மணிக்கு வந்து செருப்புப் போட்டவன் நான்! யாரு எடுத்தது?"

ஜுமானாவுக்கு அப்போதுதான் புரிந்தது. செருப்புதான் வரிசையா? ஆள் நிழலில் இருந்தாலும் செருப்பு நின்று இடம் பிடிக்குமா? இதை யாருமே சொல்லவில்லையே!

"நான் பத்தாவது!"

"நீ எங்கய்யா பத்தாவது? நான்தான் பத்தாவது!"

"எனக்குப் பின்னாலதான் நீ வந்த!"

ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். சத்தம் கேட்டு, துடைப்பத்தோடு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். மையத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் ராக்கு அவர். வெறுங்காலோடு நின்றார்.

"ஏத்தா ராக்கு, பெருக்குறேன்னு எல்லாச் செருப்பையும் அள்ளி வச்சிட்டியா?" என்று பாய்ந்தார் தங்கப்பாண்டி.

"நான் முத்தத்தை விடியக் கருக்கல்லயே கூட்டிட்டேனேய்யா. அதுக்குப் பெறகு உள்ளதான் இருக்கேன். நான் தொடவே இல்ல."

"நீ தொடலைன்னா செருப்பு தானா நடந்து போச்சா? உன் ஆபீசர்கிட்டச் சொல்லி வேலையை விட்டு நிறுத்தச் சொல்றேன் பாரு!"

ராக்குவின் முகம் வாடிவிட்டது. துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். ஜுமானாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உம்மாவைக் காணோம். ஆனாலும் முன்னால் வந்தாள்.

"அங்கிள், அவங்க ஒண்ணும் பண்ணலை. நான்தான் அடுக்கி வெச்சேன்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போர்டுல எழுதியிருந்துச்சு. வெளிய கெடந்தா உங்களுக்கெல்லாம் ஃபைன் போட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"அந்தப் போர்டா?" தங்கப்பாண்டி தலையில் கையை வைத்துக்கொண்டார். "அது இங்கன கெடக்குறது இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது. எந்த ஊரு பிள்ளைம்மா நீ?"

மகேஸ்வரி செருப்புகளை எண்ணினார். "இருபத்தாறு ஜோடி இருக்கு. சண்டை வேணாம். பேரை எழுதிக் குலுக்கிப் போட்டுருவோம். ஒருத்தருக்குத்தான் டோக்கன் இல்லாமப் போகும்."

"அஞ்சு மணிக்கு வந்தவனும் எட்டரை மணிக்கு வந்தவனும் ஒண்ணா?" என்று தங்கப்பாண்டி மறுபடி கத்தினார்.

"கைப்பிள்ளையோட ஆறு மணிக்கு வந்தேன். என் பேரு வராமப் போனா நான் என்ன செய்ய?" கனகலட்சுமிக்குக் குரல் உடைந்தது.

ஜுமானா சட்டென்று கணக்குப் போட்டாள். குலுக்கினால் அவளுக்கு டோக்கன் கிடைத்துவிடும். இருபத்தாறில் இருபத்தைந்து! பழைய வரிசையே வந்தால்? அவள்தானே கடைசி. டோக்கன் இல்லாத அந்த ஒருத்தி நிச்சயமாக அவள்தான். சன்னலோரம் போய்விடும்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கனகலட்சுமியின் தோளில் அந்தக் குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. வரிசையைக் கலைத்தது அவள்தானே?

"வரிசையைத் திரும்பக் கொண்டுவந்துடலாம்," என்றாள்.

"எப்படிக் கொண்டாருவ? ஆளாளுக்குப் பத்தாவதுங்கிறான்," என்றார் தங்கப்பாண்டி.

"எத்தனாவதுன்னு கேட்டாத்தானே சண்டை? அதைக் கேக்க வேணாம். உங்க செருப்பைப் போடும்போது முன்னாடி எந்தச் செருப்பு கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது எல்லாரும் பாத்திருப்பீங்க."

கூட்டம் கொஞ்சம் அமைதியானது. ஜுமானா தன் வெள்ளைச் செருப்பை எடுத்து வெளிவாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னோடது. இதுதான் கடைசி. எனக்கு முன்னாடி பச்சை வார்."

"பச்சை வார் நான்," என்று ஓர் இளைஞர் கையைத் தூக்கினார். "எனக்கு முன்னால ஊக்குக் குத்துன செருப்பு."

"ஊக்கு என்னோடதுதான். அதை இப்படிச் சத்தமாவா சொல்லுவ?" என்று ஒரு பெண் கோபப்பட்டார். "எனக்கு முன்னால பெரிய தோல் செருப்பு. படகு மாதிரி இருந்துச்சு."

"படகா? ஏத்தா, பதினோராம் நம்பர் சைஸ் அது!" என்றார் அதன் சொந்தக்காரர்.

அங்கங்கே சிரிப்பு கேட்டது. ஜுமானா ஓடி ஓடி ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வைத்தாள். வரிசை வாசலிலிருந்து படியை நோக்கி வளர்ந்தது. பாதி வழியில் அது நின்றுபோனது. தவசி என்ற முதியவருக்கு எதுவும் நினைவில்லை.

"எனக்குக் கண்ணு மங்கல் தாயி. முன்னால என்ன கெடந்துச்சுன்னு பாக்கலையே," என்றார் அவர்.

"அவருக்குத்தான் நெனப்பில்லையே. அவரை விட்டுட்டு என்னைப் போடு," என்று ஒருவர் குறுக்கே வந்தார். மறுபடி சத்தம் கிளம்பியது.

"தாத்தா, கால்ல ஏதாச்சும் பட்டுச்சா?" என்று ஜுமானா அவசரமாகக் கேட்டாள்.

தவசி யோசித்தார். "ஆமா, கழத்துறப்ப ஏதோ பூ மாதிரி குத்துச்சு."

"பூச்செருப்பு என்னோடது!" என்றார் கனகலட்சுமி.

வரிசை மறுபடி நகர்ந்தது. அந்த நேரத்தில்தான் உம்மா கையில் கோப்போடு ஓடி வந்தார். "கடையில கரண்டு இல்லாமப் போச்சு. இங்க என்ன கூட்டம்? எல்லாரு செருப்பையும் நீ ஏன் தூக்குற?"

ஜுமானா நடந்ததை இரண்டே வரியில் சொன்னாள்.

"அப்ப நாம எத்தனாவது?"

"இருபத்தாறு, உம்மா. டோக்கன் இருபத்தஞ்சுதான்."

உம்மா கோப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் தலையைத் தொட்டு, "சரி, ஆரம்பிச்சதை முடி," என்றார். அதைக் கேட்டதும்தான் ஜுமானாவுக்கு அழுகை வந்தது. கையால் துடைத்துக்கொண்டு அடுத்த ஜோடியை எடுத்தாள்.

கடைசியில் தங்கப்பாண்டி மட்டும் மிச்சம். அவர் செருப்பைப் படிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்களுக்கு முன்னாடி அங்கிள்?"

"ஒரு தேஞ்ச நீலச் செருப்பு," என்றார் அவர் எரிச்சலாக. "அஞ்சு மணிக்கு வந்தும் எனக்கு ரெண்டாவது எடம்தான். அப்படி எவன்டா முந்தினான்னு காலையிலேருந்து தேடிக்கிட்டிருக்கேன். ஆளையே காணோம்."

அலமாரியில் அந்த ஒரு ஜோடி மட்டும் இருந்தது. ஜுமானா அதை உயர்த்திப் பிடித்தாள்.

"இது யாரோடது?"

யாரும் கை தூக்கவில்லை. மகேஸ்வரியும் ஒருமுறை கேட்டார். பதில் இல்லை. வராந்தாவில் துடைப்பத்தோடு நின்ற ராக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அடி ஆத்தி! அது என் செருப்பாச்சே! காலையில பெருக்குறப்ப கழத்திப் போட்டது!"

கனகலட்சுமிதான் முதலில் சிரித்தார். அடுத்து மொத்தக் கூட்டமும் சிரித்தது. சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

"அப்ப அஞ்சு மணி நேரமா உன் செருப்புக்குப் பின்னாலயா நான் நின்னேன்?" என்றார் தங்கப்பாண்டி. அவர் மீசையும் ஆடியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காத ஆத்தா," என்றார்.

"அது கெடக்குதுய்யா. மொதல்ல என் செருப்பைக் கொடுக்கச் சொல்லுங்க," என்றார் ராக்கு.

ஜுமானா மட்டும் சிரிக்கவில்லை. அவள் உதடுகள் எதையோ எண்ணின. இருபத்தாறு ஜோடி. அதில் ஒன்று வரிசையில் இல்லை.

"உம்மா!" என்று கத்தினாள். "நாம இருபத்தஞ்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்று உம்மா அவளை அப்படியே அணைத்துக்கொண்டார்.

மகேஸ்வரி படியிலிருந்து ஒவ்வொன்றாக டோக்கன் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசி டோக்கனை ஜுமானாவின் கையில் வைத்து, "செருப்பை மட்டும் தொட்டுறாத தாயே," என்று கும்பிட்டார்.

அவர்கள் முறை வந்தபோது மணி மூன்று ஆகிவிட்டது. பத்து விரல்களையும் பதிவு செய்து, கண்ணைப் படம் எடுத்து, சீட்டைக் கையில் கொடுத்தார்கள். நாலேகால் பஸ்ஸைப் பிடித்தால் பள்ளிக்கூடம் மூடுவதற்குள் போய்விடலாம்.

வெளியே வந்தபோது முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. சாயங்காலம் பெருக்குவதற்காக ராக்கு மறுபடி செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

ஜுமானா நின்றாள். கை பரபரவென்றது.

"ஜுமானா!" என்றார் உம்மா.

"தொடலை உம்மா," என்று சொல்லிவிட்டு, சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினாள்.