முதலில் வந்த மாமியார்

காலை பத்து மணி. கண் வங்கியின் திரையில் வந்த பெயரைப் பார்த்து மேலாளர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

தானமாக வந்த கருவிழி ஒன்றே ஒன்று. மாலைக்குள் பொருத்தியாக வேண்டும். அடுத்து யாருக்கு என்பதை வங்கியின் இணையப் பக்கம்தான் சொல்லும். அது காட்டியதோ, காத்திருப்போரில் கடைசியாகச் சேர்ந்த அம்மாளை. ‘வாருங்கள்’ என்று அவருக்குச் செய்தியும் தானாகவே போய்விட்டது. அந்தப் பக்கத்தை முந்தின நாள் புது சர்வருக்கு மாற்றிய புரோகிராமரின் மாமியார் அவர்.

கேட்க வேண்டுமா? கட்டடமே புரோகிராமரைத் திருடனாக்கிவிட்டது. மேலாளர் போலீஸை அழைத்தார்.

கணினிக் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத பெண்மணி. பேசினால் எதிராளிக்கு வேர்க்கும்.

“அடுத்த ஆளை எடுக்கிற ஸ்கிரிப்ட்ல கை வச்சீங்களா?”

“ஒரு எழுத்துகூட மாத்தலை மேடம்,” என்றார் புரோகிராமர்.

“மாமியார் ஃபைல்ல?”

“புது சர்வர்ல அவங்க ஃபோன் நம்பரைத் திருத்தினேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவு போதுமே,” என்றார் மேலாளர்.

இன்ஸ்பெக்டர் இரண்டு சர்வரையும் ஒப்பிட்டார். ஸ்கிரிப்ட் அச்சு அசல் ஒன்றே. அந்த ஃபோன் நம்பர் நீங்கலாக நோயாளிகளின் ஃபைல்களும் ஒன்றே. ஆனால் பழையதில் ஓட்டினால் ஒரு லாரி டிரைவர் முதலில் வந்தார், புதியதில் மாமியார்.

“சார், லிஸ்ட்ல நடுவுல யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க.”

மேலாளர் ஒரு தையல்காரரைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் புது சர்வரில் அவருடைய ஃபைலைத் திறந்து, முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துச் சேமித்தார். பக்கத்தை மறுபடி ஓட்டினார்.

முதலில் தையல்காரர் வந்தார்.

“குற்றவாளி ஸ்கிரிப்ட்தான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “முதல் ஃபைலை எடுன்னு இருக்கு. எந்த வரிசையில முதல்னு எங்கயும் சொல்லலை. புது சர்வர் கடைசியா கை பட்டதை முதல்ல நீட்டுது.”

“அப்ப இத்தனை வருஷம் எப்படி சரியா வந்துச்சு?” என்று கேட்டார் மேலாளர்.

“பழைய சர்வர் எதையுமே பதிவு எண் வரிசையிலதான் குடுக்கும். அப்படிக் குடுன்னு யாரும் கேக்கலை. அது அதோட பழக்கம்.”

மேலாளர் மூலையில் இருந்த பழைய சர்வர் பெட்டியைப் பார்த்தார். அதை எடைக்குப் போடச் சொல்லியிருந்தவரே அவர்தான். எத்தனை பேருக்குப் பார்வை கிடைத்திருக்கிறது, ஒருவர் முறைகூடத் தவறாமல், ஒருவரும் கேட்காமலே! அவருக்கு மெய் சிலிர்த்தது. கிட்டே போய் அதன்மேல் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

புரோகிராமர் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தார்: பதிவு எண்படி அடுக்கு. புது சர்வரிலும் லாரி டிரைவர் முதலில் வந்தார். பிறகு புரோகிராமர் தயங்கித் தயங்கி வீட்டுக்கு ஃபோன் செய்தார்.

“அத்தை, அந்த மெசேஜ் தப்பா வந்துடுச்சு. இன்னிக்கு உங்களுக்கு இல்லை.”



“உங்களைத் திருடன்னு சொன்னாங்களாமே மாப்பிள்ளை. அது தீர்ந்துச்சா?”

“தீர்ந்துச்சு அத்தை.”

“அப்ப சரி. எனக்கு மெதுவா வரட்டும்.”