எழும்பூர் குருமா

ஜெயசீலன் நெற்றிவளையை மாட்டிக்கொண்டு கண்களை மூடியதும், ஹோட்டலில் பரிமாறும் மேசைத்தோழி பர்வீன் விளக்கைச் சற்றுத் தணித்தாள்.

"அந்த நாளை மட்டும் நினைங்க அங்கிள். சாப்பாடு தானா வரும்."

எதிரே அவர் மனைவி புளோரா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சென்னையில் இப்போது புதிதாக எதையும் சாப்பிட யாரும் ஹோட்டலுக்குப் போவதில்லை. மீள்சுவைப்பொறி வந்த பிறகு எல்லாம் பழைய சாப்பாடுதான். என்றோ உண்ட உணவு மூளையில் விட்டுப்போன தடத்தை நெற்றிவளை படிக்கும். அதே சுவையைப் பொறி துளித்துளியாகச் சேர்த்துத் தட்டில் வைத்துவிடும். இந்த ஹோட்டலின் மாடியில் இருந்த வைன் கூடத்திலும் இதே கதைதான். கல்லூரித் தோழர்களோடு குடித்த கோப்பையை அங்கே ஒரு மனிதர் தனியாக அமர்ந்து, கண்களை மூடிச் சிரித்தபடி அருந்திக்கொண்டிருந்தார்.

புளோராவுக்கு ஒரு குருமாவோடு நாற்பது வருட வழக்கு இருந்தது. எழும்பூரில் ஒரு ஹோட்டலின் ஃபேமிலி ரூமில்தான் ஜெயசீலன் வீட்டார் அவளைப் பெண் பார்த்தார்கள். ஜெயசீலனுக்குப் பரோட்டாவும் மட்டன் குருமாவும் வந்தன. பார்க்க வந்தவர்கள் முன் பெண் வாய் நிறையச் சாப்பிடலாமா? அத்தை மேசைக்கடியில் கிள்ளியதால் புளோரா ஒரு கிளாஸ் திராட்சை ஜூஸோடு நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணமான முதல் ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து அவள் வைத்த குருமாவைச் சாப்பிட்டுவிட்டு ஜெயசீலன் சொன்னார்: "நல்லாதான் இருக்கு. ஆனா அன்னைக்கு எழும்பூர்ல ஒண்ணு சாப்பிட்டேன் பாரு..."

அதற்குப் பிறகு அவள் கசகசாவைக் கூட்டிப் பார்த்தாள், முந்திரி அரைத்தாள், கல்பாசி போட்டாள். ஒவ்வொரு முறையும் அந்த "ஆனா" வந்தது. அவர் குத்திக்காட்டியதே இல்லை. கண்கள் எங்கோ போய், குரல் கனிந்து சொல்வார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. ஹோட்டலை இடித்து மெட்ரோ வந்த பிறகும் குருமா மட்டும் சாகவில்லை.

இன்று அவளுடைய பிறந்தநாள். "நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு, அப்புறம் சொல்லு" என்று அழைத்து வந்திருந்தார். தான் இத்தனை வருடம் தோற்றது எதனிடம் என்று தெரிந்துகொள்ளத்தான் அவளும் வந்தாள்.

தட்டு வந்தது. பரோட்டாவில் ஆவி பறந்தது, குருமாவில் எண்ணெய் சிவப்பாக மிதந்தது. இருவரும் தலைகுனிந்து ஜெபித்தார்கள். புளோரா பரோட்டாவைப் பிய்த்து, குருமாவில் நன்றாகத் தோய்த்து வாயில் வைத்தாள்.

மென்றாள். காத்திருந்தாள்.

"ஏங்க, இதுல உப்பே இல்ல."

அவர் அவசரமாக ஒரு வாய் எடுத்தார். முகம் விழுந்துவிட்டது. "உப்பு, காரம், ஒண்ணுமே இல்லையே. வெந்நீர் மாதிரி இருக்கு."

பர்வீன் மேசைத்திரையில் ஓடிய வரிகளைப் படித்தாள். சொல்லலாமா என்று தயங்கினாள்.

"பொறில கோளாறு இல்ல அங்கிள். உங்க ஞாபகத்துல ருசியோட தடமே இல்ல. சாப்பிட்டிருக்கீங்க, ஆனா நாக்கு சொன்னதை மனசு கேக்கல. மத்ததெல்லாம் ரொம்ப அழுத்தமா இருக்கு. ஒரு மஞ்சப் புடவை. கிளாஸைத் திருப்பித் திருப்பி வைக்கிற ஒரு கை. நீங்க தட்டைப் பாக்கவே இல்ல."

புளோராவின் கை அப்படியே நின்றது.

"இது அடிக்கடி வருது ஆன்ட்டி. ரொம்ப சந்தோஷமா இருந்த நாள்னாலே வெறுமையாத்தான் வரும். எல்லாரும் புகார் சொல்றாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து அந்த இடத்தைப் பொறியே ஒரு பொதுச்சுவையால நிரப்பிடும், யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வேணும்னா இப்பவே மாத்தித் தரேன்."

ஜெயசீலன் நெற்றிவளையைக் கழற்றினார். "அப்போ இத்தனை வருஷமா நான் எதைப் புகழ்ந்துகிட்டிருந்தேன்?"

புளோரா தலையைத் திருப்பினாள். பக்கத்து மேசையில், புதிதாக மணமானவர்கள் போல ஓர் இளம் ஜோடி. இருவர் நெற்றியிலும் வளை, இருவர் கண்களும் மூடியிருந்தன. பெண்ணின் விரல்கள் அவன் கைக்கு மிக அருகில் கிடந்தன. அவன் வேறு ஏதோ ஒரு வருடத்தின் பிரியாணியை ரசித்து மென்றுகொண்டிருந்தான். இந்த மாலையை இவர்கள் பின்னால் எதைக் கொண்டு நினைப்பார்கள் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

"தட்டை எடுத்துடவா ஆன்ட்டி?"

"வேணாம்மா. இருக்கட்டும்."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பரோட்டாவைப் பிய்த்துத் துளி குருமாவும் விடாமல் துடைத்துத் துடைத்து நிதானமாகச் சாப்பிட்டாள். அவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. ஜெயசீலன் கன்னத்தில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ருசியே இல்லாததை ஏன் புளோரா சாப்பிடற?"

"அன்னைக்கு நீங்க சாப்பிடலையா?" என்றாள் அவள்.