மெசினுக்குத் தெரியாத பகுதி

பாலேஸ்வரி அடித்தது பதினொரு பெயர். அச்சில் வந்தது பன்னிரண்டு.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லொட்ஜில் தங்கியிருப்பவர்களின் பட்டியல். பெயர், வயது, சொந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம். முதலாவது அவள். பதினோராவது றோஸி, நேற்றுத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை. அதற்குக் கீழே, அதே எழுத்தில், அதே இடைவெளியில், செல்லையா யோகநாதன், வயது 24, கிளிநொச்சி, வெளிநாடு போக.

அப்படி ஒருவன் அவளுடைய லொட்ஜில் ஒருநாளும் தங்கியதில்லை.

1998 ஐப்பசி. பின்னேரம் நாலு மணிதான், ஆனாலும் மழை வெள்ளவத்தையை இருட்டாக்கியிருந்தது. காலி வீதிப் பெருந்தெரு முழுக்கக் காலையிலிருந்து இராணுவச் சோதனை. எந்த நேரமும் ஆமி படியேறலாம். வந்தால் பட்டியலைக் கேட்பார்கள், தலைகளை எண்ணுவார்கள். பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் அந்த ஆள் ட்ரக்கில். பட்டியலில் உள்ள ஆள் வீட்டில் இல்லாவிட்டால், எங்கே ஒளித்தாய் என்ற கேள்வியோடு எல்லோரும் ட்ரக்கில்.

பழைய பட்டியல் கம்பியூட்டரின் பழைய ஹாட் டிஸ்க்கோடு செத்துப் போயிற்று. கொட்டாஞ்சேனை செபஸ்தியன் காலையில் வந்து வேறொன்றைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். வேறு கம்பனி. பாவித்தது. ஏதோ அரசாங்கக் கந்தோர் ஏலத்தில் எடுத்ததாம்.

"அக்கா, உங்கட மெசின் கிழடு. இந்த டிஸ்க் ரெண்டாயிரம் எம்பி. மெசின் ஐந்நூறைத்தான் காணும். அதுக்கு மேல எண்ணத் தெரியாது."

"மிச்சம்?"

"மிச்சம் கிடக்கும். மெசினுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"முந்தி வச்சிருந்த ஆக்களின்ர ஏதும் உள்ளுக்கு இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். நீங்க வாடகை கேட்டுப் போயிராதீங்க."

அப்போது சிரித்தாள்.

இப்போது திரையைப் பார்த்தாள். திரையில் பதினொன்றுதான் இருந்தது. மறுபடி அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் ஊசிகள் கரகரவென்று ஒவ்வொரு வரியாகக் கொத்திக்கொண்டு வந்து, றோஸியின் வரி முடிந்ததும் நின்று, அந்த நிசப்தத்தில் பெட்டிக்குள் டிஸ்க் மட்டும் சுற்ற, பூட்டிய அறைக்குள் யாரோ நகத்தால் கதவைப் பிறாண்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. பிறகு பிரிண்டர் பன்னிரண்டாவது வரியை அடித்தது. மெதுவாக. மை நாடாவின் வாசத்தோடு இன்னொன்றும் வந்தது. புதிதாய்க் கிண்டிய மண்.

செபஸ்தியனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"சில மெசின் எல்லை தாண்டினா சுத்தி வந்திரும், அக்கா. பின்னுக்குக் கிடக்கிறது முன்னுக்கு வரும். ஓஃப் பண்ணிருங்க."

"ஓஃப் பண்ணினா றோஸிக்காக ஆமிக்கு என்னத்தைக் காட்டுறது? உன்ர தலையையே?"

ரிசீவரைப் பட்டென்று வைத்தாள்.

பேனையும் அடிமட்டமும் எடுத்தாள். ஒரு கோடு போதும். கோடு போட்டு அவளுக்குப் பழக்கம். ஐந்து வருடத்தில் மூன்று பேரை இந்த லொட்ஜிலிருந்து கொண்டு போனார்கள். ஆளில்லாட்டிப் பேர் எதற்கு, வெட்டு என்றார்கள் பொலிஸில். வெட்டினாள். அடிமட்டம் வைத்து, நேராக. ஒருத்தனின் தாய் இன்றைக்கும் கடிதம் போடுகிறாள், மகன் உங்களிடம்தானே இருந்தவன் என்று. அந்தக் கடிதங்களுக்கு அவள் ஒரு வரியும் எழுதியதில்லை.

பேனை முனை யோகநாதனின் முதல் எழுத்தில் நின்றது.

கீழே கதவு உடைபடுகிற மாதிரித் தட்டினார்கள்.

நடைபாதையில் எல்லோரையும் சுவரோடு நிறுத்தினார்கள். அதிகாரி பட்டியலைப் பறித்துக்கொண்டான். சின்ன ஆமிக்காரன் ஒருவன் டோர்ச் அடித்து, விரல் நீட்டிச் சிங்களத்தில் எண்ணினான். எகய். தெகய். துனய். பாலேஸ்வரியும் மனதுக்குள் எண்ணினாள். றோஸியில் பதினொன்று. முடிந்தது. ஒன்று குறையப் போகிறது.

விரல் இன்னொரு தரம் நகர்ந்தது.

"தொளஹய்," என்றான். பன்னிரண்டு.

அவள் திரும்பிப் பார்த்தாள். றோஸிக்கு அப்பால், குளியலறை வாசலோடு, ஒருவன். வெறுங்கால். கைகள் முதுகுக்குப் பின்னால். முகம் டோர்ச் வெளிச்சத்தில் படவில்லை. வெளிச்சம்தான் அதைத் தொடாமல் விலகியது. றோஸி திரும்பவில்லை. அவளுடைய இடது தோள் மெல்ல மெல்ல நனைந்துகொண்டிருந்தது.

"நம மொகத்த?" அதிகாரி அவனிடம் பெயர் கேட்டான்.

வாய் திறந்தது. உள்ளே நாக்கு இல்லை. மண். ஈர மண். கட்டியாக ஒன்று நழுவி நிலத்தில் விழுந்தது.

அதிகாரி ஓரடி பின்வாங்கினான். பாலேஸ்வரியைப் பார்த்தான். தெரியாது என்று சொல் என்பதுபோல் பார்த்தான். சொல்லியிருக்கலாம். ஒரு சொல்.

"யோகநாதன்," என்றாள். "லிஸ்டில கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ. அபே கெனெக் தமய், மாத்தயா. எங்கட ஆள்தான்."

அதிகாரி வாசிக்கவில்லை. தாளை அவள் கையில் திணித்தான். ஆமிக்காரர்கள் படியிறங்கினார்கள். ஓடவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சுவரோடு ஒட்டி இறங்கினார்கள், மேலே ஏறி வருகிறவர்களுக்கு வழி விடுவதுபோல்.

அறைக்குள் பிரிண்டர் தானாக அடிக்கத் தொடங்கியது. நிற்கவில்லை. வரி மேல் வரி.

படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். வெறுங்கால்கள். படிக்கு ஒருவர். பெண்களும். கைகள் பின்னால், கொண்டு போனவர்கள் கட்டியபடியே. வாசல் தாண்டி, மழைக்குள், காலி வீதி வரைக்கும். ஒருவரும் தள்ளவில்லை. ஒருவரும் அவசரப்படவில்லை.

றோஸி சுவரில் முகம் புதைத்து அழுதாள். பாலேஸ்வரி அடிமட்டத்தை முறித்தாள். கதிரையை இழுத்து மெசினுக்கு முன்னால் இருந்தாள்.

"வரிசையா வாங்கோ. ஒருத்தரையும் வெட்டமாட்டன். பேரைச் சொல்லுங்கோ."

முதலாவதாக நின்ற பெண் அவளுடைய தோளுக்கு மேலால் குனிந்து வாயைத் திறந்தாள். விசைகளின் மேல் மண் கொட்டத் தொடங்கியது.