ஸ்லிம் மாஸ்டரின் வயிற்றில் இருந்தது

குளியலறைக் கதவை உடைத்தபோது ஸ்லிம் மாஸ்டர் தரையில் கிடந்தார்.

சட்டை வியர்வையில் தொப்பலாக... பேச்சில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

மருந்தே தொடாமல் முப்பது கிலோ இளைத்தவர் என்று போஸ்டர்களில் சிரிப்பவர். மாத்திரை விழுங்குகிறவர்களை மேடையில் கோழைகள் என்று திட்டுவதே அவர் பிழைப்பு.

மறுநாள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை. அதற்காகக் காலையிலிருந்து வெறும் தண்ணீர். மாலையில் மனைவி கலக்கிக் கொடுத்த பேதி மருந்து. இரண்டாவது டம்ளரில் ஆள் சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது ரத்தத்தில் சர்க்கரை வெறும் முப்பத்தெட்டு!

குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்தார். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரா என்று டாக்டர் கேட்டார். பட்டினியில் அதைப் போட்டால் இப்படித்தான் சுருண்டு விழவேண்டும் என்றார்.

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். அங்கே சிஷ்யகோடிகள், கையில் செல்போனோடு.

"எனக்குச் சர்க்கரையே கிடையாது. இவதான் மருந்துல எதையோ கலந்திருக்கா."

பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்திய மனைவி, அவருக்கு விசிறிக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

புகார் போனதும் இன்ஸ்பெக்டர் வந்தார். வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார். இல்லை. மருந்தைக் கலக்கியது யார்? அவள்தான். பெண் போலீஸை அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

அதற்குள் மாஸ்டர் மறுபடி வாந்தி எடுத்தார். டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்தார். புருவம் உயர்ந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரி. அப்புறம் தண்ணிதான்."

"நிஜம்தான் டாக்டர்" என்றாள் மனைவி. இந்த நிலையிலும் உண்மை பேசினாள், பைத்தியக்காரி.

"அந்தச் சாப்பாடு இன்னும் வயித்துலயே உக்காந்திருக்கே."

டாக்டர் அவர் சட்டையை விலக்கினார். தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊசிப் புள்ளிகள்...

உடம்பு இளைக்க வாரம் ஒரு முறை போடும் ஊசி. அது வயிற்றையே மந்தமாக்கிவிடும். முன்கூட்டியே சொல்லாமல் மயக்க மருந்துக்குப் படுத்தால், உள்ளே கிடப்பது நுரையீரலுக்குள் போய் உயிரையே வாங்கும் என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"மாத்திரையை டம்ளர்ல கலக்கலாம் சார். ஊசியை எதுல கலக்கறது?"

"நான் தூங்கறப்ப குத்தியிருப்பா..."

"வாரா வாரமா? அப்ப நீங்க இளைச்சதே அம்மா புண்ணியம். போஸ்டர்ல உங்களை எடுத்துட்டு அவங்க படத்தைப் போட்டுடலாமா?"

மாஸ்டருக்கு இரண்டு வழி: அவள் குத்தினாள் என்பது, தானே குத்திக்கொண்டேன் என்பது. எந்த வழியில் போனாலும் கடை மூடல்!

"சர்க்கரைக்கு மாத்திரை, இளைக்க ஊசி... ரெண்டும் நானேதான் போட்டுக்கிட்டேன்."

வாசலில் செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

குடல் சரியாகச் சுத்தமாகவில்லை. பரிசோதனையைத் தள்ளிவைத்து, அடுத்த முறை இரண்டு நாள் பேதி மருந்து குடித்துவிட்டு வரவேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதினார்.

"பொய்ப் புகார் கொடுத்திருக்கார். உள்ள தள்ளட்டுமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவி அந்தச் சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"வேண்டாம் சார். ரெண்டு நாள் பேதியை விடப் பெரிய தண்டனை உங்க சட்டத்துல இருக்கா என்ன?"