கழுத்து ரப்பர்

எத்தனை தடவை துடைத்துப் பவுடர் போட்டாலும் ராம்கியின் கழுத்து காயவே இல்லை.

கிணற்றிலும் குவாரியிலும் விழுந்தவர்களை மூழ்கித் தேடி எடுப்பது அவன் வேலை. உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காக்கிற டைவிங் சூட் ஒன்று வைத்திருந்தான். அதன் கழுத்தையும் மணிக்கட்டையும் இறுகப் பிடிக்கும் மெல்லிய ரப்பரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தடவி வைப்பது அவன் மனைவி சரண்யாதேவியின் பொறுப்பு. பவுடர் மட்டும்தான் என்று சொல்லியிருந்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ரப்பர் உரசி அவன் கழுத்து புண்ணாகி வருவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கை நுழையாத வளையலுக்குத் தடவுவதைப் போல, போன வாரம் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எண்ணெய் பட்ட ரப்பர் கொழகொழத்துப் போகும் என்பது நேற்றுதான் தெரிந்தது.

நேற்று உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்குவாரியில், மூழ்கிப்போன தொழிலாளி மொக்கையனைத் தேடி இறங்கினான். ஆள் கிடைக்கவில்லை.

"கழுத்து வழியா தண்ணி உள்ள வந்துருச்சு சரண்யா," வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "தண்ணியோட வேற என்னமோ வந்துச்சு."

இன்று, வில்லாபுரத்து வீட்டில் வெயில் இறங்கும் நேரம். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி அடங்க, தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போக, மின்விசிறிக் காற்றில் பவுடர் மணமும் அதற்கடியில் பாசி பிடித்த குழியின் மணமும் சேர்ந்து அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. ராம்கி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். சுவரில் விழுந்த நிழலின் தோள்கள் அவன் தோள்களைவிட அகலமாக இருந்தன.

பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தாள். என்னால்தான், எல்லாம் என்னால்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமாங்க?"

"பவுடரப் போடு. காஞ்சாப் போதும்."

போட்டாள். தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

தோலுக்கடியில் ஏதோ நகர்ந்தது.

விரல்கள். ஒரு கை. உள்ளிருந்து தடவித் தடவி வழி தேடியது.

கிழிந்துவிடும். கிழிந்தால் ராம்கி இருக்க மாட்டான். இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைச் சுற்றி இறுகப் பிடித்தாள். விரலிடுக்கில் குளிர்ந்த தண்ணீர் கசிந்தது. விட முடியாது. வாசலுக்கு ஓடி ஆளைக் கூப்பிடவும் முடியாது.

ராம்கியின் வாய் திறந்தது. குரல் அவனுடையதில்லை.

"அக்கா, கைய எடுக்கா. உள்ள எம்புட்டு நேரந்தான் கெடக்க?"

இன்னும் இறுக்கினாள். மூச்சு முட்டிப் பிதுங்கிய கண்கள் அவளையே பார்த்துக் கெஞ்சின. அவை ராம்கியின் கண்கள்தான்.