பத்தாவது வரி

பட்டியலில் ஒன்பது பேர்தான். ஷாமினி மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டாள். ஆனால் திரையில் பத்து வரி இருந்தது. பத்தாவதில் உறவும் இல்லை, பெயரும் இல்லை. 'அமரர்' என்ற ஒரே ஒரு சொல், அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

"என்ன கருமம்டா இது" என்று வாய்விட்டே சொன்னாள். கேட்கத்தான் ஆளில்லை. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளுக்கு மேலே, முதல் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை ஆபிசில் அவளும் முதலாளி சிவநேசனும் மட்டும்தான் வேலை, அவரும் மதியமே துக்க வீட்டுக்குப் போய்விட்டார். மணி நாலே முக்கால்தான் ஆகியிருந்தது, அதற்குள் வானம் கறுத்துக்கொண்டு வந்து, கீழே தொடுத்துக்கொண்டிருந்த மல்லிகையின் வாசனையும் சாக்கடையிலிருந்து கிளம்பிய மழைக்கு முந்தின வாடையும் கலந்து ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே நுழைய, ஏர்கோன் பெட்டி யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தத்தைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. அவளுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

மரண அறிவிப்புதான் அவர்கள் தொழில். படம், குத்துவிளக்கு, அடக்க நேரம், கடைசியில் குடும்பத்தார் பெயர்கள் என்று இணையத்தில் ஒரு பக்கம் செய்து, வாட்சப்பில் அனுப்ப லிங்க் கொடுப்பார்கள். இன்றைக்குக் கம்போங் மேடான் மாரியாயி, வயது எண்பத்தொன்று. குடும்பத்தார் பெயரை யாரும் ஒவ்வொன்றாக அடிப்பதில்லை. டெம்ப்ளேட் ஒன்று இருக்கிறது, அதற்குள்ளே இட்டரேட்டர் என்று ஒன்று. 'அடுத்தது' என்று கேட்டால் பட்டியலிலிருந்து அடுத்த ஆளை எடுத்து நீட்டும். ஆள் தீர்ந்ததும் 'அவ்வளவுதான்' என்று சொல்லிவிடும். பக்கத்தை யார் எப்போது திறந்தாலும் மறுபடி முதலிலிருந்து கேள்வி, முதலிலிருந்து பதில். ஏற்கெனவே காலமான உறவுக்காரர் என்றால் பெயருக்கு முன்னால் 'அமரர்' தானாக விழும்.

அது சரியாக விழுகிறதா என்று காலையில் சோதித்ததில்தான் வினை.

சோதனைக்குச் சிவநேசன் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். "கத்திரிக்கா, வெண்டைக்கான்னு எதையாச்சும் போடும்மா. உசுரோட இருக்கிறவங்க பேர மட்டும் இதுல அடிச்சிராத." சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசுகிற மனுஷர்தான், ஆனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டு வருஷமாக அவளும் தவறவில்லை. இன்றைக்குக் காலையில் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சத்தியம் பண்ணின தம்பி, பத்து மணிவரைக்கும் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான். அம்மா போனில் அழுதாள். ஷாமினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விரல் பாட்டுக்குத் 'தம்பி, ஜீவன்' என்று அடித்தது. இறந்தவர் என்ற கட்டத்தில் டிக் போட்டது. "போய்த் தொலைடா" என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். 'அமரர்' அழகாக விழுந்திருந்தது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்துவிட்டாள்.

அழித்துத்தான் விட்டாள். பட்டியலை மறுபடி திறந்து கடைசிவரை பார்த்தாள். ஒன்பது பேர். ஒன்பதாவது, கொள்ளுப்பேத்தி.

பக்கத்தை இன்னொரு தடவை திறந்தாள். பத்தாவது வரியில் 'தம்பி' சேர்ந்திருந்தது.

சிவநேசனைக் கூப்பிட்டாள். பின்னால் ஒப்பாரியும் நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன.

"அண்ணே, அந்தப் பக்கத்துல எத்தன பேரு தெரியுது?"

"ஒம்போது. ஏம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. அத இறக்கிட்டு மறுபடி போடவா?"

"ஐயோ, இப்பவா? வீடு நெறைய ஜனம்லா. அத்தன பேரும் அதத்தான் தெறந்து தெறந்து பாக்குறாங்க. கைய வைக்காத."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் எதையும் தொடவில்லை. தொடாமலே வரி வளர்ந்திருந்தது. 'தம்பி, அமரர் ஜீவன்.' கம்போங் மேடானில் யாரோ திறந்திருக்கிறார்கள். இன்னொருவர் திறந்தார். வயது, இருபத்தாறு. அவள் அதை அடிக்கவே இல்லை. இன்னொருவர். ஊர், பூச்சோங். இன்னொருவர். இன்றைய தேதி.

மழை சோவென்று பிடித்துக்கொண்டது. முதலாளி சொன்னதெல்லாம் காற்றில் போனது. பக்கத்தை இறக்கினாள். டெம்ப்ளேட்டைத் திறந்து, 'அடுத்தது' கேட்கிற அந்தத் துண்டையே வெட்டி எறிந்தாள். ஒன்பது பேரும் மறைந்தார்கள். விளக்குப் படமும் போனது. பத்தாவது வரி மட்டும் வெள்ளைத் திரையில் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசியில் நேரம் வந்தது.

மாலை 5.42.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தொன்று.

ஜீவனுக்குப் போன் போட்டாள். அடித்தது. எடுக்கவில்லை. காலையில் செய்ததற்குப் பரிகாரமாக ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று மெசேஜ் போட்டிருந்தான். அப்படியென்றால் ரோட்டில் இருக்கிறான். இந்த மழையில். ஐயோ, என் தம்பி. மறுபடி போட்டாள். மறுபடி.

"என்னக்கா, உசுர வாங்குற?"

"டேய், எங்க இருக்க?"

"பழைய கிள்ளான் ரோட்ல, பாலத்துக்கு அடியில. மழைக்கு ஒதுங்கிட்டேன். ஜாக்கெட்ட முன்பின்னாத் திருப்பிப் போட்டும் தொப்பலா நனைஞ்சாச்சு."

"அங்கேயே நில்லு. கால எடுத்து வெளிய வைக்காத. ரோட்ட விட்டு நல்லாத் தள்ளி, தூண் பக்கமா நில்லு. போன வைக்காத."

"லூசா நீ? என்னாச்சு?"

"அக்கா கேட்டு ஒண்ணே ஒண்ணு செய்டா. பத்தே நிமிஷம்."

அவன் சிரித்தான். சரி என்றான். பாலத்தடியில் ஒதுங்கிய மற்றவர்களைப் பற்றிச் சொன்னான், முதலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம், ஒவ்வொருத்தராகக் கிளம்பிவிட்டார்களாம், தூணுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு ஆள் மட்டும் முகத்தைக் காட்டாமல் நிற்கிறானாம். அவள் பாதியைக் காதில் வாங்கவில்லை. முள்ளையே பார்த்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. முதுகில் வியர்வை வழிந்தது. நாற்பத்திரண்டு. மூச்சை அடக்கினாள்.

நாற்பத்து மூன்று.

"ஜீவா?"

"ம்ம்."

அப்படியே அழுதுவிட்டாள். "காலைல உன்ன என்னென்னமோ திட்டிட்டேன்டா. தப்புடா. மன்னிச்சிரு."

"அக்கா, அத விடு. நான் நல்லாத்தான் இருக்கேன்லா. மழ விட்டதும் வரேன்." ஒரு சிரிப்பு. தூரத்தில் ஒரு லோரியின் ஹாரன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போறப்ப அம்மாவுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போவோமா?"

"அக்கா, அத விடு. நான் நல்லாத்தான் இருக்கேன்லா. மழ விட்டதும் வரேன்." ஒரு சிரிப்பு. ஹாரன்.

அதே சிரிப்பு. அதே இடத்தில் மூச்சு. அதே ஹாரன்.

"டேய், விளையாடாத."

"அக்கா, அத விடு. நான் நல்லாத்தான் இருக்கேன்லா. மழ விட்டதும் வரேன்."

சிரிப்பு இல்லை. ஹாரன் இல்லை.

"ஜீவா! பக்கத்துல யாருடா?"

"அக்கா, அத விடு. நான் நல்லாத்தான் இருக்கேன்லா."

"ஜீவா..."

"அக்கா, அத விடு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்கிறாள். அந்த இட்டரேட்டர் மாதிரியே அது எடுத்து நீட்டுகிறது. கேட்கக் கேட்கக் குறைகிறது. உள்ளே 'அக்கா' என்ற ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பிறகு 'அவ்வளவுதான்'.

இடது கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். விசும்பல் விரலிடுக்கில் முட்டியது. போன் காதில் அதிர்ந்தது, யாரோ தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள், நின்றது, உடனே மறுபடி கூப்பிட்டார்கள். அவள் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை நின்றுபோயிருந்தது. கீழே ரோட்டில் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

அழைப்பு அறுபடவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுமுனையில் யாரோ மூச்சுவிட்டார்கள். மெதுவாக, ஈரமாக. அது ஜீவனின் மூச்சு இல்லை. அவள் வாயைத் திறப்பதற்காக அது காத்துக்கொண்டிருந்தது.