ராமதாஸ் அவர்களே

மாலை டீ முடிந்து, அலுவலகக் கொட்டகைக்குப் பக்கத்தில் குழாயடியில் குந்தி அங்கம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், பாதி கட்டிய கட்டடத்தின் உச்சியிலிருந்து அந்தப் பெண்குரல் கூப்பிட்டது.

"ராமதாஸ் அவர்களே, விளிம்பிலிருந்து விலகி நில்லுங்கள்."

மணலிப் பக்கத்துக் காற்றில் வழக்கமான கருகிய எண்ணெய் வாடை வந்தது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக உறுமிக்கொண்டு நின்றன. கடல் பக்கம் வானம் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. எல்லாம் தினமும் இருப்பது போலத்தான் இருந்தது. ராமதாஸ் அவளுடைய புருஷன். ஐப்பசி மழையில் இதே கட்டடத்தின் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்து செத்தவன்.

அந்தக் குரல் மனுஷியின் குரல் அல்ல. மாடிக்கு மாடி கேமரா வைத்து, வேலை செய்கிற ஒவ்வொருவரின் முகத்தையும் நடையையும் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பெல்ட் மாட்டாமல் யாராவது ஓரத்தில் நின்றால் அது தானாகவே பார்த்து, பேர் சொல்லி ஸ்பீக்கரில் எச்சரிக்கும். கம்பி கட்டுகிற ராமதாஸுக்கு அது பெரிய தமாஷ். "எங்கப்பன்கூட என்ன இம்மாம் மரியாதையா கூப்ட்டதில்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மகளைக்கூட "அம்மு அவர்களே, சோறு துன்ன வாங்க" என்றுதான் கூப்பிடுவான்.

அவன் விழுந்த அன்றைக்கு ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தார்கள். கான்கிரீட் போடுகிற அவசரத்தில் அது ஓயாமல் கத்துகிறது, பேஜாராக இருக்கிறது என்று சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் நிறுத்தச் சொன்னாராம். வாயை அடைத்த பிறகும் அது அவன் பேரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான். காரியம் முடிந்ததும் கம்பெனி அங்கம்மாவுக்குக் கூட்டுகிற, டீ கொடுக்கிற வேலை கொடுத்தது. சேர்ந்த அன்று அவள் முகத்தையும் அந்தக் கம்ப்யூட்டருக்காகப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது கிருஷ்ணப்பன் கொட்டகை வாசலில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் உள்ளே போய்விட்டார்.

மறுநாளும் ஆட்கள் இறங்கிப் போனபின் அதே குரல் கேட்டது. கேமரா அறையில் திரைகளைப் பார்த்துக்கொள்ளும் காசிமேட்டுப் பெண் ஜெஸ்லினிடம் அங்கம்மா போய்க் கேட்டாள். கம்ப்யூட்டரிலிருந்து ராமதாஸ் முகத்தை எப்போதோ அழித்தாகிவிட்டது, லென்ஸில் தண்ணீர் கோத்தால் இப்படித்தான் தப்புத் தப்பாகச் சொல்லும் என்றாள் ஜெஸ்லின். சொல்லும்போது அவள் அங்கம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காட்டு என்று அங்கம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

திரையில் வெறும் தளம். ஓரத்தில் கிழிந்த நீலத் தார்ப்பாய். ஆள் யாரும் இல்லை. ஆனால் ஆளைக் கண்டால் அந்த மெஷின் சுற்றிப் போடுகிற மஞ்சள் கட்டம் ஒன்று, ஓர் ஆள் உயரத்துக்கு, வெறுங்காற்றைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. மேலே அவன் பெயர். கட்டம் கொஞ்ச நேரம் இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு மெல்ல வலப்பக்கம் மாறியது. முட்டி வலிக்கு ராமதாஸ் கால் மாற்றி நிற்பது அப்படித்தான்.

"இது தண்ணி இல்ல ஜெஸ்லினு," என்றாள் அங்கம்மா.

அதற்குப் பிறகு அவள் தினமும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள். கேட்டால் பயமாக இருந்தது. கேட்காவிட்டால் அதைவிட மோசமாக இருந்தது. ஏன் லேட்டு என்று வியாசர்பாடி வீட்டில் அம்மு கேட்டபோது பஸ் வரவில்லை என்று சொன்னாள். ராத்திரி அம்மு தூங்கியபின், செத்தும் அவன் வீட்டுக்கு வராமல் அந்த ஓரத்திலேயே ஏன் நிற்கிறான் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம், அவள் மேலே ஏறினாள்.

கைப்பிடி இல்லாத படிகள். ஈர சிமென்ட் வாடை. தூண்களில் சுற்றியிருந்த கோணிச்சாக்குகளிலிருந்து மாடிக்கு மாடி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முட்டுக் கொடுத்த இரும்புக் கால்களின் நிழல்கள், கூட்டமாக நிற்கும் ஆட்களைப் போல நீண்டு கிடந்தன. அவள் நின்றால் தனக்கு மேலே ஓர் அடிச்சத்தமும் நிற்பது போலிருந்தது.

ஒன்பதாவது மாடியில் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். காற்று அடித்தது. தார்ப்பாய் மட்டும் அசையவில்லை.

"இன்னாயா," என்றாள். "வூட்டுக்கு வாயா. இங்க யாரு உன்ன நிக்கச் சொன்னது?"

அவனுடைய பீடி வாடை. துருக் கம்பி வாடை.

"ராமதாஸ் அவர்களே, விளிம்பிலிருந்து விலகி நில்லுங்கள்."

"கூப்புடுது பாரு. இப்பவாச்சும் கேளேன்யா."

சத்தம் அடங்கிவிட்டது. லாரிகள் இல்லை. கடல் இல்லை. தண்ணீர் சொட்டுவதுகூட இல்லை.

"அங்கம்மா அவர்களே, விளிம்பிலிருந்து விலகி நில்லுங்கள்."

தன் பேர். அதுவரை அது அவளைக் கூப்பிட்டதே இல்லை.

தூண் எங்கே?

கையில் தூண் இல்லை. குனிந்து பார்த்தாள். கால்விரல்கள் தளத்துக்கு வெளியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, வெகு ஆழத்தில், லாரி விளக்குகள். அவள் நடந்து வரவில்லை. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

வலது மணிக்கட்டில் ஒரு குளிர். கம்பி இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையின் சொரசொரப்பு. அது அவளை இழுக்கவில்லை. தள்ளவும் இல்லை. பிடித்துக்கொண்டிருந்தது. தனியாக நிற்கப் பயந்தவன் பிடிப்பது போல.

"அம்மு தனியா கீதுயா," என்றாள்.

பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக.

பின்னால் விழுந்தாள். தவழ்ந்தாள். எழுந்து ஓடினாள். படிகளில் முழங்கால் தேய, முழங்கை தேய, திரும்பிப் பார்க்காமல் இறங்கிக் கேமரா அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

ஜெஸ்லின் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எப்ப கீழ வந்தீங்க?" ஜெஸ்லின் திரையைக் காட்டினாள். "இன்னும் மேலதான நிக்கிறீங்க."

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்று உயரம். அதை ஒட்டி, அதன் தோள்மட்டத்தில், சின்னதாக இன்னொன்று. சின்னதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கம்மா கேட்கவில்லை.

பெரிய கட்டம் கால் மாற்றி நின்றது. பிறகு சாய்ந்தது. சாய்ந்து, விளிம்பைத் தாண்டி, சத்தமே இல்லாமல் திரையை விட்டுக் கீழே இறங்கிப் போனது.

சின்னக் கட்டம் போகவில்லை. யாருமில்லாத தளத்தில் அது தனியாக நின்றது. மெல்ல ஓரத்துக்கு வந்தது. முன்னால் குனிந்தது.

"அங்கம்மா அவர்களே," என்றது ஸ்பீக்கர், அதே பொறுமையோடு. "விளிம்பிலிருந்து விலகி நில்லுங்கள்."

திரையில் நின்ற அந்த அங்கம்மா விலகவில்லை. அந்த உயரத்தில், இருட்டில், அவன் விழுந்த இடத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.